பாவுக்குக் கீழே குனிந்தவன்

செவிலிமேடு,
18 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி கலைவாணனுக்கு,

இதை எழுதி உனக்கு அனுப்பினால் யாருக்கு என்ன நன்மை? நீ விவரம் கேட்ட நாளிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, நடை மட்டும் நிற்கவில்லை. நீயும் அனுவும் நலம்தானே? போனில் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதைத் தபாலில் எழுதுங்கள் என்று வக்கீல் மேரி சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்தக் காகிதம்.

இறந்தவன் பெயர் சுபியான். வயது இருபத்து மூன்று. பைக் மெக்கானிக். தகப்பனார் இல்லை. தாயார் ஷமீம் பானு வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். தங்கை ஆஷிஃபா கல்லூரியில் என் மாணவி. அவள் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அக்டோபர் 9, காலை ஆறு மணிக்கு, திருட்டு வண்டி ஒன்றைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் அவனை வீட்டிலிருந்து அழைத்துப் போனது. மறுநாள் மதியம் மருத்துவமனையில் உடலைக் காட்டினார்கள். பிடிக்க வந்தபோது ஓடினான், சுவரேறிக் குதித்தான், விலா எலும்பு நான்கும் தொடை எலும்பும் முறிந்தன என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காயத்தோடுதான் ஸ்டேஷனுக்கே வந்தானாம்.

பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். உனக்கு மட்டும் பெயரைச் சொல்கிறேன். எதிர்வீட்டு நெசவாளி துரைக்கண்ணு. அன்று காலை அவர் தெருவில் பாவு நீட்டியிருந்தார். மூன்று புடவைக்கான பட்டு இழைகள் தெருவின் நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில். சுபியான் வீடு பாவுக்கு வடக்கே. ஜீப் நின்ற சந்து தெற்கே. போலீஸ்காரர் ஒருவர் பாவைத் தாண்டக் காலைத் தூக்கினாராம். சுபியான் சொன்னானாம்: “பாவு சார். தாண்டாதீங்க, அறுந்துடும். குனிஞ்சி வாங்க.” சொல்லிவிட்டு அவனே முன்னால் குனிந்து, கீழே புகுந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து நின்றிருக்கிறான்.

தொடை எலும்பு முறிந்தவனால் அப்படிக் குனிய முடியாது. வழக்கில் எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ரேவதி


ஜெனீவா,
5 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனுவுக்குச் சளி, பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவுக்கு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே எங்கள் சிறு அமைப்புக்கு உலகம் முழுவதிலிருந்தும் இப்படிப்பட்ட மரணங்கள் வருகின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: வயது, தேதி, காயங்கள், மறுப்பு. நான் மொழிபெயர்த்துக் கொடுப்பேன், கோப்பில் போய்ச் சேரும். உன்னுடையது அப்படி இல்லை. பாவு என்றால் என்ன என்று என் மேலதிகாரிக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கைது செய்து கொண்டுபோகும்போது இன்னொருவனுடைய பட்டு அறுந்துவிடக்கூடாது என்று நினைத்தவன், என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் இங்கே ஐ.நா. மனித உரிமை அவை கூடுகிறது. ஏதாவது ஒரு நாடு இதை எடுத்துப் பேசினால் நம் அரசு பதில் சொல்லியாக வேண்டும். பெயர் எதுவும் வராது. அதற்கு நான் பொறுப்பு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
கலை


செவிலிமேடு,
22 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நலம். ஒத்தடத்தைவிட நீ கேட்டாய் என்பது அவர் காலுக்கு நன்றாக வேலை செய்கிறது. அனுவுக்குச் சளி விட்டதா?

மேரியுடன் துரைக்கண்ணு வீட்டுக்குப் போனேன். நீதித்துறை நடுவர் விசாரணை நடக்கும், சாட்சியாக அழைப்பார்கள் என்று மேரி சொன்னார். முதலில் துரைக்கண்ணுவின் மனைவி செல்லியம்மாள்தான் பேசினார். “இவரு வாயே தொறக்க மாட்டாரும்மா. பாவுக்குக் கஞ்சி போடும்போது மட்டும் ஊரையே திட்டுவாரு. இவரு போய் கோர்ட்டுல பேசப்போறாராம்.” எல்லோரும் சிரித்தோம். பிறகு துரைக்கண்ணு சொன்னார்:

“நான் பொய் சொல்ல மாட்டேன்மா. ஆனா நானா போய் சொல்லவும் மாட்டேன். ஜட்ஜு கூப்ட்டா வரேன். அதுவரைக்கும் நான்தான் பார்த்தவன்னு எங்கயும் வரக்கூடாது.”

வராது என்று வாக்குக் கொடுத்தேன். உன் கடிதத்தை நம்பிக் கொடுத்தது அது.

நாடுகள் ஒன்றையொன்று குற்றம் சொல்வதைப் பாடமாக நான் இருபது வருஷம் நடத்தியிருக்கிறேன். யாருக்காகச் சொல்கிறார்களோ அவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. நீ வேறு மாதிரி நம்புகிறாய். நம்புகிறவன் ஒருவன் அங்கே இருப்பது நல்லதுதான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அக்கா
ரேவதி


ஜெனீவா,
10 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பொங்கலுக்கு முன் இது கிடைக்காது, இருந்தாலும் வாழ்த்துகள்.

நல்ல செய்தி. ஒரு நாட்டின் பிரதிநிதி அலுவலகம் ஆர்வம் காட்டுகிறது. எந்த நாடு என்று இப்போது சொல்லக்கூடாது. மேசையில் நாற்பது வழக்குகள் இருந்தன. அவர்கள் கையில் எடுத்தது இதை. அவர்களுக்குக் கொடுத்த குறிப்பின் நகல் இணைத்திருக்கிறேன். பார், சுபியான் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை, தெரு இல்லை. “அதிகாலையில் தெருவில் பட்டுப் பாவு நீட்டிக்கொண்டிருந்த அண்டை வீட்டார் ஒருவர்” என்று மட்டுமே இருக்கிறது. பிப்ரவரி 20க்குள் திருத்தம் இருந்தால் சொல்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

கலை


செவிலிமேடு,
25 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், தாமதம் ஆகக்கூடாது.

பாவு என்ற வரியை எடுத்துவிடு. நானும் மேரியும் உட்கார்ந்து படித்தோம். அக்டோபர் 9 அன்று அந்தத் தெருவில் பாவு போட்டது ஒரே வீடு. ஒரு வாரத்துக்கு முன்பே யார் போடப்போகிறார்கள் என்று தெருவில் சொல்லிவைத்துத்தான் போடுகிறார்கள், வண்டி வராமல் இருக்க. யார் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். உனக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே விசித்திரம். சின்ன வயதில் பாவு போடும் தெருவைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நீ.

“அண்டை வீட்டார் ஒருவர், அவன் நல்லபடியாக நடந்து போனதைப் பார்த்தார்” என்றால் போதும். சுபியான் சொன்ன வார்த்தையும் வேண்டாம். அது நடுவர் முன்னால் முதல் தடவையாக வரட்டும்.

எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா
ரேவதி


ஜெனீவா,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே நான்கு நாளாகப் பனி. அனு பள்ளியில் சதுரங்கத்தில் இரண்டாவது இடம். எனக்கு இருமல், வழக்கம்போல. பாலாற்றில் தண்ணீர் இருக்கிறதா? அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். காஞ்சிபுரத்து வெயிலுக்கு எதற்கு என்று திட்டுவார், திட்டட்டும்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

கலை


ஜெனீவா,
14 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நடந்துவிட்டது. அந்தப் பிரதிநிதிக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அதில் நாற்பது விநாடி நம் சுபியானுக்கு. “குனிந்து வாருங்கள்” என்று அவன் சொன்னதைப் படித்தபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் தலையை நிமிர்த்தினார்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கியது.

நம் அரசு பதிலளித்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, எங்களுக்குப் பாடம் சொல்லும் நாடு தன் கடற்கரை முகாமில் இறந்த மூன்று அகதிகளுக்கு முதலில் கணக்குச் சொல்லட்டும் என்றது. அதற்குப் பதில் சொல்ல அவர்கள் மறுபடி நேரம் கேட்டார்கள். பிறகு உணவு இடைவேளை.

அந்த மூன்று அகதிகளின் விவரமும் போன வருஷம் எங்கள் அமைப்பு தயாரித்ததுதான். ஒருவன் தமிழ் பேசுகிறவன். அவன் தாயாரின் கடிதத்தையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

அங்கே பத்திரிகையில் வந்ததா? எழுது.

கலை


செவிலிமேடு,
6 ஏப்ரல் 2025

கலைவாணனுக்கு,

அம்மா நலம். சால்வை வந்தது.

பத்திரிகையில் வந்தது. நம் நாட்டை அவமானப்படுத்த வெளிநாட்டுக்குச் செய்தி கொடுத்தது யார் என்று வந்தது. மூன்றாம் நாள் சாதாரண உடையில் இரண்டு பேர் தெருவுக்கு வந்தார்கள். யாரையும் மிரட்டவில்லை. டீ குடித்துக்கொண்டே, போன அக்டோபர் ஒன்பதாம் தேதி இங்கே பாவு போட்டது யாருங்க என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

துரைக்கண்ணுவின் மகன் குரு மீது நான்கு வருஷத்துக்கு முந்தைய அடிதடி வழக்கு ஒன்று கிடக்கிறது. அதற்காக இதுவரை மூன்று முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்பி வந்தான். கை வைக்கவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், சுபியான் உட்கார்ந்த பெஞ்சு இதுதான் என்று சொல்லிவிட்டு. அவனை அனுப்பிவிட்டு மூன்று நாளும் துரைக்கண்ணு ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றிருந்தார்.

நான் அவரைப் பார்க்கப் போனேன். பெயர் எங்கும் வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “பேரு போட்டிருந்தாகூட பரவால்லமா. துரைக்கண்ணுன்னு இந்த ஊர்ல பத்து பேரு கீறாங்க. அன்னிக்கு பாவு போட்டவன் நான் ஒருத்தன்தான்.”

செல்லியம்மாள் தண்ணீர் கொடுத்தார். உள்ளே போய்விட்டார்.

ஸ்பீட் போஸ்ட் ரசீது என்னிடம் இருக்கிறது. தபால் நிலையத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். என் ஜனவரிக் கடிதத்தைப் பிப்ரவரி 4 அன்று நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். இருபதாம் தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது.

இருமல் எப்படி இருக்கிறது?

ரேவதி


ஜெனீவா,
20 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

இதைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். உன் கடிதம் வந்தது. படித்தேன். பிரதிநிதி அலுவலகத்துக்குப் போய், அந்த வரியை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அதிகாரி நல்லவர். எடுத்துவிடலாம், ஆனால் எடுத்தால் இது மற்ற முப்பத்தொன்பதைப் போல ஆகிவிடும், எங்கள் அமைச்சர் வேறு வழக்கைத் தேர்ந்தெடுப்பார் என்றார். நாளைக் காலை வரை யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் யோசித்தேன். பெயர் இல்லை, தெரு இல்லை, இவ்வளவு பெரிய ஊரில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கிருந்து பார்த்தால் ஊர் பெரிதாகத் தெரிகிறது. மறுநாள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு எழுதியிருக்க வேண்டும். பனியைப் பற்றி எழுதினேன்.

நாற்பது பேரில் இவன் ஒருவனையாவது உலகம் கேட்டதே என்று இப்போதும் ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கத்தை நீ எழுதிவிட்டாய்.

குரு எப்படி இருக்கிறான்?

கலை


ஜெனீவா,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. போனில் எல்லோரும் நலம் என்கிறாய், அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய்.

இந்த அவைக் கூட்டத்தில் அந்த நாடு நம் நாட்டைப் பற்றிப் பேசியது. நீண்டகால நட்பு என்றார்கள். சுபியான் இல்லை. நம் அரசும் அவர்களுடைய முகாமைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரு நாடுகளுக்கும் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறதாம். அந்த அதிகாரியை நடைபாதையில் பார்த்தேன். கோப்பு மூடப்படவில்லை என்றார். திறந்திருக்கிறது என்றும் சொல்லவில்லை.

விசாரணை எப்போது?

கலை


செவிலிமேடு,
14 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நானும் நலம். அனுவின் படிப்பு எப்படிப் போகிறது?

உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. துரைக்கண்ணுவுக்கு வாக்குக் கொடுத்தது நான். அதை உன் தலையில் முழுவதும் ஏற்றிவிட்டுத் தூங்க என்னால் முடியவில்லை. முதல் கடிதத்தில் பெயரை எழுதியவள் நான். அவன் குனிந்ததை அத்தனை விவரமாக எழுதியவளும் நான். எழுதும்போது, நன்றாக எழுதுகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அது நினைவிருக்கிறது.

நாளை விசாரணை. துரைக்கண்ணுவுக்குச் சம்மன் வந்திருக்கிறது. இன்று மாலை அவரைப் பார்த்தேன். தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. “வரேன்மா. வரேன்னு சொன்னேன்ல” என்றார். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் சுவரேறிக் குதித்ததுதான் மிஞ்சும். ஷமீம் பானுவுக்கு அது தெரியும். போகும்போது துரைக்கண்ணு வாசலைப் பார்க்காமல் போங்கள் என்று என்னிடம் சொன்னார். அவரை யாரும் கட்டாயப்படுத்தியதாக இருக்கக்கூடாதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாளை நடப்பதைத் தெரிவிக்கிறேன்.

அக்கா
ரேவதி


15 அக்டோபர் 2025

இது தனித்தாள். நேற்று எழுதியதைத் தபாலில் சேர்த்துவிட்டேன். இதைச் சேர்க்கப்போவதில்லை.

துரைக்கண்ணு பத்தரை மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குரு கூட வந்தான். அரசுத் தரப்பு வக்கீல், வெளிநாட்டில் படிக்கப்பட்ட பேச்சைத் தமிழாக்கிக் கொண்டுவந்திருந்தார். அதில் பாவு, “பட்டு நூல் தடுப்பு” என்று ஆகியிருந்தது. இப்படி ஒரு தடுப்பை அன்று நீங்கள் கட்டினீர்களா என்று கேட்டார்.

“அன்னிக்கி நான் பாவு போடலைங்க ஐயா.”

சுபியானைப் பார்த்தீர்களா என்று நடுவர் கேட்டார். வீட்டுக்குள் இருந்தேன், பார்க்கவில்லை என்றார். நடுவர் விடவில்லை. பொதுவாகவே கேட்கிறேன், தெருவில் பாவு கட்டினால் எவ்வளவு உயரம் இருக்கும் என்றார். துரைக்கண்ணு யோசிக்காமல் கையை இடுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்?

“தாண்டக் கூடாதுங்க. குனிஞ்சிதான் போவணும்.”

சொல்லிவிட்டுக் கையைக் கீழே போட்டார். எழுத்தர் நிமிர்ந்து நடுவரைப் பார்த்தார். பாவு போடவில்லை, பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் நடுவர். அதைப் படித்துக் காட்டினார்கள். துரைக்கண்ணு கையெழுத்துப் போட்டார். மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றிருந்தோம். ஷமீம் பானு, ஆஷிஃபா, மேரி, நான். துரைக்கண்ணு படியிறங்கி எங்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. குரு அவர் முழங்கையைப் பிடித்திருந்தான். அவர் நின்றார். ஷமீம் பானுதான் முதலில் பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அண்ணே, குனியறப்ப அவனுக்கு எங்கனா வலிச்ச மாதிரி தெரிஞ்சுதா?”

துரைக்கண்ணு இடவலமாகத் தலையாட்டினார்.

“இல்லைமா. நல்லா குனிஞ்சான். ஒரு இழைகூட மேல படலை.”

மேரி பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ஷமீம் பானு குருவைப் பார்த்தார். பிறகு மேரியின் கையைப் பிடித்து, வேண்டாம் என்றார்.

மேரி பேனாவை மூடினார். துரைக்கண்ணுவும் குருவும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.